இடம், தேதி, நேரம்

எங்கள் குழுவுக்கு மூன்று சட்டங்கள். எதை வரைகிறோமோ அதன் எதிரில் உட்கார்ந்துதான் வரைய வேண்டும். படத்தின் வலது கீழ் மூலையில் இடம், தேதி, ஆரம்பித்த நேரம் மூன்றையும் எழுத வேண்டும். பத்து மணி ஆனதும் எல்லோரும் தங்கள் நோட்டுகளைத் தரையில் வரிசையாகத் திறந்து வைக்க வேண்டும். போகிறவர் வருகிறவர் யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம். இந்த மூன்றாவதற்கு வெங்கடராமன் ஸார் 'விரிப்பு' என்று பெயர் வைத்திருந்தார். ரயில்வே டிராயிங் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். சட்டம் இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும்.

இந்தச் சட்டங்களில் முதல் இரண்டை நான் ஏழு வாரம் மீறினேன். சந்தோஷமாகவே மீறினேன்.

மாடுங்காவில் நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி, வெங்கடராமன் ஸார் மூன்றாம் மாடி. போன வருஷம் அவரே இறங்கி வந்து என் கணவரிடம் கேட்டார். "ராஜி போடற கோலத்தைப் பாத்திருக்கேன். கை நிதானம் நன்னா இருக்கு. ஞாயித்துக்கிழமை கார்த்தால எங்களோட அனுப்புங்கோ. பதினாலு பேர் இருக்கோம். மாடுங்கா, சயான், தாராவி, செம்பூர்னு ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு எடம். ஏழு மணிக்குக் கூடுவோம், பத்துக்கு முடிச்சுடுவோம்."

என் கணவர் ஜகந்நாதன் யோசித்தார். அவர் எதையும் உடனே சொல்லமாட்டார். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து, மூன்று வருஷம் முன்னால் வாலண்டரி ரிடயர்மென்ட் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருப்பவர். கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே என் அக்காக்கள் என்னைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். கொடுத்து வைத்தவள் கறிகாய் வாங்கப் போனால் இருபது நிமிஷம். இருபத்தைந்து ஆனால் அவர் பால்கனியில் நிற்பார். திரும்பி வந்ததும் ஒன்றும் கேட்கமாட்டார், பையை வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். முப்பது வருஷமாக அந்தக் கடிகாரத்தோடுதான் நான் குடித்தனம் செய்கிறேன்.

படங்களை வாராவாரம் வாட்ஸப்பில் போடுவார்கள், ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் எழுதியிருக்கும் என்று தெரிந்ததும் அவர் தலையை ஆட்டினார். "போயிட்டு வரட்டும். எல்லாம் ஆதாரத்தோட இருக்கே."

எங்களுக்கு ஒரே பெண், வந்தனா. இரண்டு வருஷம் முன்னால் அவள் அம்மார் என்ற பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். அம்மார் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், தாராவியில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். வீடு மான்குர்த்தைத் தாண்டி, சீத்தா கேம்ப் என்கிற குடியிருப்பில். செய்தி வந்த அன்று என் கணவர் ஒரே வாக்கியம் சொன்னார். "இனிமே இந்தாத்துல அந்தப் பேர் வேண்டாம்." மறுநாள் அவள் போட்டோக்கள் பரணுக்குப் போயின. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று அந்த ஸ்டூலைத் தட்டிவிட்டிருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன்.

நவம்பரில், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசிய ஒரு போனில், அவளுக்கு ஐந்தாம் மாதம் என்று தெரிந்தது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே என் திருட்டுத்தனம் ஆரம்பித்தது.

அடுத்த வாரம் எந்த இடம் என்று செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவார்கள். பக்கத்து இடமென்றால், சாயங்காலம் கறிகாய்க்கு என்று கிளம்பி, பத்து நிமிஷத்தில் கறிகாயை முடித்துவிட்டு, மீதிப் பத்து நிமிஷத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். தூரமென்றால் போனில் கிடைக்கிற போட்டோ. மத்தியானம் அவர் தூங்கும்போது சமையலறையில் வர்ணம். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குழுவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்துவிடுவார்கள், யாரும் யாரையும் தேடமாட்டார்கள். நான் ஹார்பர் லைன் ரயில் பிடித்து மான்குர்த், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அவளோடு ஒரு மணி நேரம். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்து, மற்றவர்களோடு சேர்ந்து என் நோட்டையும் விரிப்பேன். படத்தில் 'காலை 7.15' என்று முந்தின நாளே எழுதியிருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு நீவிவிடுவேன். அம்மாரின் அம்மா ஹாஃபிஸா டீயைக் கொடுத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசுங்கம்மா" என்று மேலே ஏறிப் போய்விடுவாள். அந்த வீட்டில் நிற்க இடமில்லை. அவள் எங்களுக்காக அந்த இடத்தையும் விட்டுக்கொடுப்பாள். வந்தனா ஆபீஸ் கதை, டாக்டர் கதை எல்லாம் பேசுவாள். அப்பாவைப் பற்றி மட்டும் ஒருமுறையும் கேட்டதில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் கடைசி ஞாயிறு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக் கோயில் கோபுரம். மார்கழி மாதம், அவர் பஜனைக்கு வருவார் என்று தெரியும். போகாதே என்று புத்தி சொன்னது. ஆனால் முந்தின நாள் வந்தனா கால் விரல்களில் மெட்டி இறுகிவிட்டது என்று சொல்லியிருந்தாள். போனேன். அம்மார் மெட்டியை வெட்டி எடுத்தான், நான் பிடித்துக்கொண்டேன். ஓட்டமும் நடையுமாக ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் திரும்பிவிட்டேன்.

பதினைந்து நோட்டுகளும் கோயில் வாசலில் வரிசையாக இருந்தன. என் கணவர் கையில் பொங்கல் தொன்னையோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார். வெங்கடராமன் ஸார் ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தவர் என்னுடையதில் நின்றார்.

"ராஜி, இது என்ன வேடிக்கை?" என்றார். "கோபுரம் கிழக்கே பாக்கறது. கார்த்தால ஏழேகாலுக்கு முகத்துல வெயில் அடிக்கணும். எல்லார் படத்துலயும் அடிக்கறது பாரு. நீ முகத்தை இருட்டாப் போட்டிருக்கே. நிழல் தெருவுல பூக்கடை மேல விழுந்திருக்கு. இது சாயங்கால நிழல்னா?"

அவரிடம் துளிக்கூட விஷமம் இல்லை. கணக்கில் தப்பைக் கண்டுபிடித்த வாத்தியாரின் சந்தோஷம்தான். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருந்தேன். கட்டடத்தைத் தப்பில்லாமல் வரைந்தவளுக்குச் சூரியன் ஞாபகம் வரவில்லை.

"ஏதோ தப்பாப் போட்டுட்டேன் ஸார்" என்றேன்.

என் கணவர் சிரித்தார். "அவளுக்குத் திக்கு எப்பவுமே குழப்பம்" என்று சொல்லி எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து காபி குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்த பிறகுதான் கேட்டார். "எத்தனை வாரமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஏழு."

"சீத்தா கேம்ப்பா?"

"ஆமாம். அவளுக்கு ஏழாம் மாசம் ஆரம்பிச்சாச்சு. உடம்பு சரியில்லை."

"சரி" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு அவர் குளித்து, பேன்ட் போட்டுக்கொண்டு, கையில் புது நோட்டோடு நின்றார். "நானும் சேந்துக்கறேன். வெங்கடராமன்கிட்ட சொல்லிட்டேன்."

குழுவில் ஒரே கொண்டாட்டம். இந்த வயதில் பெண்டாட்டிக்காக நோட்டும் கையுமாக வருகிற மனுஷன் யார் இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். தாராவியில் செல்போன் கடை வைத்திருக்கும் கணேசபாண்டியன், "யக்கா, ஸாரை மாதிரி ஒரு ஆளு கெடைக்க நீங்க புண்ணியம் செஞ்சிருக்கணும்" என்றான். நான் அவனைப் பார்த்து இளித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில், சயான் கோட்டையில், மாடுங்கா ஸ்டேஷன் பாலத்தில் எல்லாம் என் மடக்கு நாற்காலியை ஒட்டி அவருடைய மடக்கு நாற்காலி. ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். "உன் பை கனமா இருக்கு" என்று என் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டிலும் அந்தப் போன் டிவிக்குப் பக்கத்தில், அவர் கண்ணெதிரே இருக்கும். அடித்தால் அவரே எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். ஓரிரண்டு முறைக்குப் பிறகு வந்தனா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான்கு ஞாயிறுகள் அப்படிப் போயின. இவ்வளவு பெரிய ஊரில், திறந்த வெளியில், பதினான்கு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் மூச்சு விட முடியாமல் இருந்தேன். அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. இடம் தேர்ந்தெடுப்பது எங்களில் முறை வைத்துத்தான். முறை வந்தவர் சொல்லும் இடத்தை யாரும் மறுக்கக்கூடாது, அதுவும் வெங்கடராமன் ஸார் சட்டம். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு என் முறை.

அதற்கு முந்தின வார விரிப்பில், எல்லோரும் நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்காமல், உரக்கச் சொன்னேன். "அடுத்த வாரம் சீத்தா கேம்ப்."

என் கணவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை நின்றது.

வெங்கடராமன் ஸார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அங்கே வரையறதுக்கு என்ன இருக்கு, ராஜி? பழைய கட்டடம் ஏதாவது?"

"சந்து இருக்கு, மாடி மாடியா வீடு இருக்கு. வரைஞ்சா ஆகாதா?"

"அங்கன எங்க மச்சான் வீடு இருக்கு ஸார்" என்றான் கணேசபாண்டியன். "கொஞ்சம் தள்ளிப் போனா கடலு, படகு நிக்குற ஜெட்டி. அருமையான எடம். அக்கா சரியாத்தான் சொல்லுதாவ."

"முறைன்னா முறைதான்" என்று வெங்கடராமன் ஸார் எழுதிக்கொண்டார். எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். உத்தமமான கணவர் பதினான்கு பேர் எதிரில் முடியாது என்று எப்படிச் சொல்வார்? "போலாமே. எனக்கென்ன" என்றார்.

வீட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "கெட்டிக்காரி."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் எதிரிலேயே அவளைப் பார்ப்பேன், தொடுவேன், அத்தனை பேர் முன்னால் அவர் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். அவள் வாசலில் வந்து நின்றால் அவரே இளகினாலும் இளகுவார் என்றும் ஒரு நப்பாசை. ஞாயிறு விடிகாலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் போன் அடித்தது. நான் வெளியே வருவதற்குள் நின்றுவிட்டது. "யாரு?" என்றேன். "ராங் நம்பர்" என்றார். புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டே கேட்டேன், அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

சீத்தா கேம்ப்பில் ஆட்டோக்கள் வந்து நின்றதும் நான் யாரையும் கேட்காமல் முன்னால் நடந்தேன். கறிக்கடை, மொபைல் ரீசார்ஜ், தமிழ் போர்டு போட்ட டெய்லர் கடை, அப்புறம் வலது கைச் சந்து. நீலக் கதவுக்கு எதிரே ஒரு பூட்டிய குடோன், அதன் படிகளில் உட்கார இடம் இருந்தது. ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். என் கணவர் அந்த வீட்டைக் கண்டுகொள்ள நேரம் ஆகவில்லை, என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார் என்று நினைத்தேன். அவர் நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேலை எடுத்து, நீலக் கதவை வரைய ஆரம்பித்தார்.

கதவில் பூட்டுத் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, எட்டரை மணி. எங்கே போயிருப்பார்கள்? பால் வாங்கவா? எல்லோருமா? நான் பென்சிலைப் பிடித்தேன், கோடு விழவில்லை. அரை மணி நேரம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சந்துக் கோடியிலிருந்து மர்யம் ஓடி வந்தாள். அம்மாரின் தங்கை. கையில் சாவியும் ஒரு காலிப் பையும்.

"மாமி!" என்று என் கையைப் பிடித்தாள். "எத்தனை தடவை போன் போட்டோம்! விடியக்காலைல மதினிக்குப் பிரஷர் ஏறி, கண்ணு இருட்டுதுன்னாங்க. கோவண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டோம். உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. துணி எடுக்க வந்தேன் மாமி, நீங்க இங்க உக்காந்து படம் வரைஞ்சிக்கிட்டு இருக்கீங்க!"

நான் என் கணவரைப் பார்த்தேன்.

"கார்த்தால போன் யாரு?"

அவர் கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "ராங் நம்பர்னு சொன்னேனே."

"எத்தனை தடவை வந்துது?"

நான் எழுந்து போய், அத்தனை பேர் முன்னால், அவர் சட்டைப் பையில் கையை விட்டுப் போனை எடுத்தேன். சத்தம் வராமல் நிறுத்தி வைத்திருந்தார், பதினொரு தடவை அழைப்பு வந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவரை நான் தொட்டதில்லை. அன்று தொட்ட கையால் அவரை அறைந்துவிடுவேனோ என்றுதான் இருந்தது.

"அவ உங்க பொண்ணு" என்றேன். "செத்துண்டிருந்தாலும் ராங் நம்பர்தானா?"

அவர் குரலைத் தாழ்த்தினார், முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "இன்னும் பத்து மணி ஆகலை. ஒக்காரு, படத்தை முடி. நாலு பேர் பாக்கறா." பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்போ போனா அப்படியே போயிடு" என்றார்.

வெங்கடராமன் ஸார் பாதி எழுந்து, "ராஜி, நோட்டு..." என்றார். என்ன நடக்கிறது என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை. கணேசபாண்டியன் ஆட்டோவுக்கு ஓடினான். மர்யம் துணியை அள்ளிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு வர, நான் கிளம்பினேன். சந்து திரும்பும் இடத்தில் ஒருமுறை பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் குனிந்து, ஸ்கேலை வைத்து, அந்தக் கதவுக்குப் பக்கத்து ஜன்னலைப் போட்டுக்கொண்டிருந்தார்.

விடுதலையாகிவிட்டேன் என்று ஆட்டோவில் எனக்குத் தோன்றவில்லை. ஐம்பத்து நான்கு வயதில், கையில் ஒரு போனும் இடுப்பில் வீட்டுச் சாவியும். அந்தச் சாவி இனி எந்தக் கதவைத் திறக்கும் என்று தெரியவில்லை. "பையா, ஜல்தி" என்று டிரைவரை மர்யம் விரட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி மாடியில், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே, வந்தனாவை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். அம்மார் காலடியில் நின்றான். ஹாஃபிஸா என்னைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினாள். "வந்துட்டீங்களாம்மா. போங்க, பேசுங்க. ரெண்டு நிமிஷந்தான் குடுத்திருக்காங்க."

முகம் உப்பி, கண் பாதி மூடிக் கிடந்தாள் என் பெண். நான் நெற்றியில் கை வைத்ததும் தெரிந்துகொண்டாள். "அம்மா" என்றாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்வையை ஓட்டித் தேடினாள்.

"அப்பா வந்திருக்காரா?"

ஏழு வாரம் அந்தப் பெயரை எடுக்காதவள். நான் தடுமாறிப் போனேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போகிறவளிடம் எப்படிச் சொல்வது?

"சீத்தா கேம்ப்புக்கு வந்திருக்கார்டி கண்ணா" என்றேன். "உன் ஆத்துக்கு நேர் எதிர்ல நாற்காலியைப் போட்டுண்டு, உன் ஆத்தை வரைஞ்சிண்டிருக்கார்."

கோயில் வாசலில் சத்தியம் செய்யலாம், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"என் வீட்டையா?" அவள் கண் முழுசாகத் திறந்தது. "நிஜம்மா?"

"நிஜம்தான். ஸ்கேல் வெச்சுண்டு, ஜன்னல் கம்பிகூட விடாம."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நான் துடைத்தேன். "அந்தப் படம் எனக்கு வேணும்மா" என்றாள். "நான் வெளியில வந்ததும் மொதல்ல அதைத்தான் பாக்கணும். வாங்கிண்டு வரியா?"

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆரம்பித்தாள். வந்தனா என் விரலை விடவில்லை, பதில் சொல்லும்வரை விடமாட்டாள் போலிருந்தது.

"வாங்கிண்டு வரேன்" என்றேன். கதவு மூடிக்கொண்டது. பெஞ்சில் ஹாஃபிஸா எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. அந்தப் படத்தை வாங்க வேண்டுமென்றால் நான் அவரிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.